குருட்டு மாடி

படி ஏறி முடித்ததும் முதலில் மூச்சு வாங்கியது, அப்புறம்தான் பயம் வந்தது. சிஸ்டர் ஜெரோலின் சலவைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் கையை ஊன்றி நின்றாள். கூடை நிறைய ரோஜா இதழ், எல்லாம் சிவப்பு, முதியோர் இல்லத்துத் தோட்டத்திலும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் இரண்டு நாளாகப் பறித்துச் சேர்த்தது. பூசை நடுவில் தூய ஆவி பாட்டைத் தொடங்கும்போது இதை இங்கிருந்து அள்ளி அள்ளிக் கீழே போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பெந்தெகொஸ்து அன்று வானத்திலிருந்து நெருப்பு நாக்குகள் இறங்கின என்று வேதத்தில் சொல்லியிருப்பதை இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான் செய்து பார்க்கிறார்கள். கோயில் கட்டிய நாளிலிருந்து நடக்கிறதாம், அப்படியென்றால் எண்ணூறு வருஷம். அதில் கடைசி நாற்பது வருஷம் போட்டவர் சிஸ்டர் ஒதீல், இந்த வருஷம் அவருடைய முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. மடத்தில் மிச்சமிருக்கிற ஏழு பேரில் எழுபது வயதுக்குக் கீழே இருப்பவள் ஜெரோலின் ஒருத்திதான், அவளுக்கு முப்பது. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து விமானம் ஏறிப் பிரான்சுக்கு வந்தது கிழவிகளைக் குளிப்பாட்டிவிட என்று அவள் சில நாள் எரிச்சலோடு நினைப்பதுண்டு, நினைத்த கையோடு பாவமன்னிப்பும் கேட்டுக்கொள்வாள். ஆக இந்தக் கூடையும் அவள் தலையில்தான் விழுந்தது. பத்தரைப் பூசை, பாட்டு வர இன்னும் இருபது நிமிஷம் ஆகும். அதுவரை இந்த இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்காரச் சொன்னால்தான் அவளுக்கு ஆகாது, வேலை கொடுத்தால் விடிய விடியச் செய்வாள்.

இந்த இடத்துக்கு சிஸ்டர் ஒதீல் வைத்திருக்கும் பெயர் குருட்டு மாடி. நேற்றுக் காலை கோயில் நடுவில் அவளை நிறுத்தி, ஊன்றுகோலை நீட்டி நீட்டிக் காட்டினார். "கீழே பெரிய வளைவுகள் தெரிகிறதா, அது ஜனங்கள் பக்கக் கூடத்துக்குப் போய்வர. உச்சியில் வண்ணக் கண்ணாடி ஜன்னல், அது வெளிச்சம் வர. நடுவில் ஒரு அடுக்கு மிஞ்சுகிறது பார். வெளிப்புறத்தில் பக்கக் கூடத்தின் சாய்வுக் கூரை அங்கேதான் வந்து சுவரில் முட்டுகிறது. அதனால் ஜன்னல் வைக்க முடியாது. வெறும் சுவராக விட்டால் மொட்டையாக இருக்கும், அதற்காகக் குட்டித் தூணும் வளைவும் வைத்து, பின்னால் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இருட்டை விட்டுவிட்டார்கள்." எதற்காக அந்த நடைபாதை என்று ஜெரோலின் கேட்டதற்கு, "எதற்கும் இல்லை, மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் சேர்த்துவைக்க" என்று சொல்லிச் சிரித்தார். இப்போது அந்த எதற்கும் இல்லாத இடத்தில் அவள் நிற்கிறாள். தூண்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் கீழே இருநூறு தலைகள், பாதி நரை, மீதி வழுக்கை, முன்வரிசையில் இல்லத்துக் கிழவர்களின் சக்கர நாற்காலிகள். ஒருத்தரும் மேலே பார்க்கவில்லை. பார்த்தாலும் கறுப்பு ஓட்டைகள்தான் தெரியுமாம், ஆள் தெரியாதாம். இங்கிருந்து அவர்களுடைய கழுத்துச் சுருக்கம்கூடத் தெரிகிறது. அந்தப் பக்கம் பார்க்கும்வரை நன்றாகத்தான் இருந்தது. முதுகுப் பக்கம்தான் சரியில்லை. முதுகுக்குப் பின்னால் சாய்வுக் கூரையின் உத்தரங்கள், தூசி, புறா எச்சம், பிறகு ஒன்றும் தெரியாத நீளம், கோயிலின் நீளம் முழுக்க அந்த இருட்டு ஓடுகிறது. அதன் கடைசியில் அவன் உட்கார்ந்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பேய் என்று சொன்னால் அவளே சிரித்துவிடுவாள். பேய் என்றால் வந்து ஏதாவது கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளைப் பிடித்து ஆட்டவாவது வேண்டும், கிளீட்டஸ் அண்ணன் ஒன்றும் செய்ய மாட்டான். முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருப்பான், தூண்டில் கூடையை மடியில் வைத்து, ஒவ்வொரு முள்ளாகக் கூடை விளிம்பில் குத்தி வரிசைப்படுத்திக்கொண்டிருப்பான். இரைக்கு வைக்கும் கணவாய்த் துண்டின் வாடை வரும். முதன்முதல், அவள் பயிற்சிக்குச் சேர்ந்த நவசந்நியாச மடத்துச் சாமான் அறையில் அப்படி வந்தான், அவள் மெழுகுவர்த்தி எடுக்கப் போனவள் எடுக்காமலே திரும்பிவிட்டாள், அன்றைக்கு ஜெபத்துக்கு இருட்டில் உட்கார வேண்டியதாயிற்று, எல்லாரும் அவளை ஏசினார்கள். பிறகு பாரிஸில் இறங்கிய அன்று சுரங்க ரயிலின் குகைக்குள், கண்ணாடிக்கு வெளியே. இந்த மடத்தின் உருளைக்கிழங்கு நிலவறையில் அவன் நிரந்தரமாகவே குடியேறிவிட்டான், உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் அவள் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கித் திரும்பிப் பார்க்காமல் ஏறுவாள். சிஸ்டர்களுக்கு அவள் பாடுவது பிடிக்கும், இந்தியப் பிள்ளை எவ்வளவு சந்தோஷமானவள் என்பார்கள். மேலே ஏறும்போது ஒரு நப்பாசை இருந்தது. கடலிலிருந்து எத்தனை தூரம், தரையிலிருந்து எத்தனை உயரம், இங்கேயுமா வருவான். வந்துவிட்டான். வாடை வந்துவிட்டது. புறா எச்சத்தின் வாடைதான் அது என்று மூக்குக்கு எடுத்துச் சொன்னாள், மூக்கு கேட்கவில்லை. அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் பயம் விட்டுவிடும் என்றும் நினைப்பாள். ஆனால் எட்டு வருஷமாக அவன் திரும்பியதே இல்லை, திரும்ப வேண்டும் என்று அவள் கேட்டதும் இல்லை. கீழே சாமியார் கைகளை விரித்து எல்லாரையும் பாவங்களை நினைத்து மனம் வருந்தச் சொன்னார், இருநூறு தலைகளும் குனிந்தன.

அங்கியின் பைக்குள் கைப்பேசி இருந்தது. டார்ச்சுக்காக எடுத்துக்கொண்டு வந்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். காலை ஆறு மணிக்கு மைனி அனுப்பிய குரல்செய்தி அதில் கிடக்கிறது, ஒரு நிமிஷம் பன்னிரண்டு வினாடி, மூன்று தடவை கேட்டாயிற்று, நான்காம் தடவை கேட்கத் தேவையில்லை, வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம். மைனி என்றால் கிளீட்டஸின் பெண்டாட்டி மேபல். "ஜெரோ, இன்னைக்கு நாலு மணிக்கு அவிய என்னப் பொண்ணு கேட்டு வருவாவ. ததேயுசும் அவரு அக்காவும். மாமாவுக்கும் சம்மதந்தான், மாமாதான் வரச் சொன்னதே. நல்ல மனுசன்தான் கேட்டியா, எஞ்சின் வேல பாக்கவரு, கடலுக்குப் போக மாட்டாரு, பொஞ்சாதி செத்து மூணு வருசம் ஆச்சு. நான் வேண்டாம்னு சொல்லப் போறேன். ஒனக்கு முன்கூட்டியே சொல்லுதேன், பொறவு ஏன்னு கேக்கக் கூடாது. ஒனக்குத்தான் தெரியுமே. அந்தத் திங்கக்கெழம காலையில ஏழரை பஸ்ஸு ஓடிச்சு. நான் எங்கம்மா வீட்டு முக்குல நின்னு அந்த பஸ்ஸ பாத்துட்டே இருந்தேன், ஏறல. ஏறியிருந்தா எட்டு மணிக்கு நம்ம வாசல்ல நின்னிருப்பேன். ஆளுவளத் தேடப் போறேன்னு அவரு கெளம்பும்போ மறிச்சிருப்பேன். அந்த ஒரு பஸ்ஸுக்கு நான் இப்படியே இருந்துக்கிடுதேன், ஜெரோ. நீ ஜெபம் பண்ணு." கடைசியில் மேபல் ஒரு தடவை மூக்கை உறிஞ்சுகிறாள், பிறகு மிக்சியை யாரோ ஓடவிடுகிறார்கள். முப்பத்துநான்கு வயது. எட்டு வருஷமாக அந்த வீட்டில் மாமனாருக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு, நடக்காத ஒரு காலையை உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஏறாத அந்த பஸ்ஸில் ஒன்றும் இல்லை. ஏறி வந்திருந்தாலும் வாசலில் யாரையும் மறித்திருக்க முடியாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணன் வீட்டிலேயே இல்லை. அவன் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டான். இது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் பிரான்சில் ஒரு கூடைப் பூவோடு இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் ஊர்க் கட்டுப்பாடு. ஊர் முழுக்கப் பூசைக்கு வரும், வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடக்கும். மீறிப் போகிறவன் பெயரை அடுத்த ஞாயிறு பூசை முடிவில் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று படிப்பார்கள். அடிதடி கிடையாது, பெயர் படிப்பதோடு சரி, ஆனால் அதற்கே ஊரில் பலர் நடுங்குவார்கள். படிப்பவர் அவர்களுடைய அப்பா. ஊர்க் கமிட்டியில் இருபது வருஷமாக அதுதான் அவர் வேலை, ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். அப்படிப்பட்டவருடைய மகனுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கடலுக்குப் போக வேண்டியிருந்தது. மேபல் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய் நான்கு நாள். என்ன சண்டை என்று இருவருக்குமே சரியாக நினைவிருந்திருக்காது, மீன்குழம்பில் புளி பற்றியது என்று ஜெரோலினுக்கு ஒரு ஞாபகம். "ஏட்டி ஜெரோ, வந்து வள்ளத்துக்கு ஒரு கை குடு. தெக்க பாறைப் பக்கம் நெய்மீன் நிக்குது, இன்னைக்கு ஒருத்தனும் வர மாட்டான், அம்புட்டும் எனக்குத்தான். பத்து மணிக்குள்ள வந்து ஒரு மீனத் தூக்கிட்டு மாமியா வீட்டுக்குப் போவேன். வெறுங்கையோட போயி நின்னா அவ கதவத் தொறப்பாளா?" அப்பாவுக்குத் தெரிந்தால் என்றாள் அவள். "அப்பாக்கு யாரு சொல்லப் போறா, நீயா?" என்று சிரித்தான். மூன்று வள்ளங்களுக்கு மறைவாக வைத்து இருவரும் தள்ளினார்கள். நனைந்த மணலில் பைபர் வள்ளம் கனமாக இருந்தது, அவள் தோள் கொடுத்துத் தள்ளினாள், பாவாடை முழங்கால்வரை நனைந்தது, வீட்டுக்கு வந்து மாற்றிக்கொண்டு பூசைக்குப் போனாள். பூசையில் அப்பா அந்த வாரம் படிக்கப் பெயர் ஒன்றும் இல்லை என்று பெருமையாக அறிவித்தார். பதினோரு மணிக்குக் காற்று வந்தது. யாரும் சொல்லாத காற்று, வானொலியும் சொல்லவில்லை, பன்னிரண்டு மணிக்குக் கோயில் வளாகத்துத் தென்னை இரண்டு விழுந்தன. ஆழ்கடலுக்கு வெள்ளிக்கிழமை போன விசைப்படகுகளை நினைத்து ஊரே கடற்கரைக்கு ஓடியது. அவளும் ஓடினாள். எல்லாரும் மேற்கே பார்த்து நின்றார்கள், அவள் ஒருத்தி மட்டும் தெற்கே பார்த்தாள், யாராவது கவனித்துவிடுவார்களோ என்று அவளும் மேற்கே திரும்பிக்கொண்டாள். இதை நினைக்கும்போதெல்லாம் கழுத்து வலிக்கும். இப்போதும் வலித்தது, தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம். வேண்டாம். அன்று சாயங்காலம் மழை பெய்தது, அவ்வளவுதான், அப்பா ஈரத்துண்டோடு உள்ளே வந்து உட்கார்ந்தார், மழை பெய்தது. திங்கட்கிழமை காலைக்கு வருவோம். திங்கட்கிழமை காலை பங்கு அலுவலகத்தில் பெயர்ப்பட்டியல் எழுதினார்கள். யார் யார் திரும்பவில்லை என்று ஒரு பட்டியல் இருந்தால்தான் தேடப் போகிறவர்களுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் கொடுக்க முடியும் என்று பங்குச் சாமியார் சொன்னார். யாருக்கு நல்ல கையெழுத்து என்று கேட்டபோது அப்பாவே அவளைக் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தார், அடுத்த மாதம் மடத்துக்குப் போகப் போகிற பிள்ளை, முத்து முத்தாக எழுதுவாள். பெண்கள் வரிசையாக வந்து அழுதுகொண்டே பெயர் சொன்னார்கள், பெயர், தகப்பன் பெயர், வயது, படகு, போன திசை. அப்பா பக்கத்தில் நின்று எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தார். முப்பத்தேழு பெயர். கிளீட்டஸ் ராத்திரி முழுக்கக் கடற்கரையில் கூட்டத்தோடு நிற்கிறான் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "வேற யாரும் உண்டா?" என்று சாமியார் கேட்டார். பேனா முனை தாளில் வைத்தபடியே இருந்தது, அங்கே ஒரு நீலப் பொட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது, முப்பத்தெட்டு என்ற எண்ணைக்கூடப் போட்டுவிட்டாள். கிளீட்டஸ், தகப்பன் பெயர் லாசர், வயது இருபத்தெட்டு, தெற்கு. பன்னிரண்டு வார்த்தைகூட இல்லை. எழுதியிருந்தால் தேடப் போன பதினாறு வள்ளங்களில் இரண்டு வள்ளமாவது தெற்கே திரும்பியிருக்கும். அவள் எண்ணை அடித்துவிட்டுக் காகிதத்தை நீட்டினாள். ஏன் என்று தன்னிடமே எத்தனை தடவை கேட்டிருப்பாள். எங்காவது கரையேறியிருப்பான், மத்தியானம் சிரித்துக்கொண்டு வருவான், வீணாக அப்பா தன் வாயால் தன் மகன் பெயரைப் படிக்க வேண்டாமே என்று நினைத்தேன், இது ஒரு பதில். கட்டுப்பாடு மீறிய வீட்டுப் பிள்ளையை மடத்தில் சேர்ப்பார்களோ என்று நினைத்தேன், இது இன்னொன்று, முதல் பதிலுக்கு அடியில் கிடக்கும். இரண்டும் உண்மை. சில நாள் ஒன்று மேலே வரும், சில நாள் மற்றது. அவளுக்கு இரண்டையும் பார்க்க வெட்கமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமைதான் கிளீட்டஸின் வள்ளம் கரையில் இல்லை என்று யாரோ கவனித்தார்கள். கவனித்தவர்களே பதிலையும் சொல்லிக்கொண்டார்கள், நேற்றுக் காலை தேடப் போனவர்களோடு இவனும் போயிருக்கிறான், பார்த்தியா, சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறான், லாசர் மகனல்லவா. சாமியார் அவள் தலையில் கைவைத்துக் கேட்டார், "நேத்துக் காலையில போனானா, மக்கா?" அவள் தலையை அசைத்தாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா தலை அசைந்தது, அது ஆமாம் என்ற அசைவா அழுகையின் அசைவா என்று அவளுக்கே தெரியாது என்று பல வருஷம் தன்னை ஏமாற்றிக்கொண்டாள். ஆமாம் என்ற அசைவுதான். புதன்கிழமை முதல் அவனையும் சேர்த்துத் தேடினார்கள், மேற்கே. அப்புறம் கல் வைத்தார்கள், கோயில் வாசலில், கறுப்புக் கல், முதல் பெயர் கிளீட்டஸ், மற்றவர்களைத் தேடிச் சென்று உயிர் கொடுத்தவன் என்று ஒரு வரியும் உண்டு. வருஷா வருஷம் அந்த நாளில் அப்பா முப்பத்தெட்டுப் பெயரையும் படிக்கிறார். முதல் பெயர் படிக்கும்போது குரல் உடைவதில்லையாம், உயருகிறதாம், மேபல்தான் சொன்னாள். எழுபத்துநாலு வயதில் அந்தக் கிழவரை நிமிர்ந்து நடக்கவைக்கிறது அந்த ஒரு வரிதான். சொல்லிவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்? நீ வாங்கிக்கொடுத்த பெருமையை நீயே போய்ப் பிடுங்குவாயா? ஆனால் சொல்லாவிட்டால் இன்று நாலு மணிக்கு மேபல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி டம்ளர்களைக் கழுவப் போய்விடுவாள், அதோடு முடிந்தது, இன்னொரு ததேயுஸ் வரப்போவதில்லை. சொன்னால் மட்டும்? உனக்கு மீன் கொண்டுவரத்தான் போனான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவள் சுமக்கிற பழியைப் பஸ்ஸிலிருந்து இறக்கி மீனில் ஏற்றிவிட்ட மாதிரி ஆகாதா? இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் அவள் நினைப்பு ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இருட்டின் கடைசியில் முள் ஒன்று கூடை விளிம்பில் குத்துகிற சின்னச் சத்தம் கேட்டது. புறா நடந்தது என்று வைத்துக்கொண்டாள்.

ஒரு தடவை பாவசங்கீர்த்தனம் செய்தாள், பிரான்சுக்கு வந்த இரண்டாம் வருஷம், இதே கோயிலில், கீழே இடதுபுறம் இருக்கும் அந்தக் கூண்டில். என் அண்ணன் எங்கே போனான் என்று தெரிந்தும் சொல்லவில்லை, அவன் இறந்துவிட்டான் என்றாள், அவளுக்கு அன்று தெரிந்த பிரெஞ்சில் அவ்வளவுதான் முடிந்தது. கட்டுப்பாடு, பட்டியல், தெற்கு, இதற்கெல்லாம் வார்த்தை கிடைக்கவில்லை. சாமியார் பெருமூச்சு விட்டு, நீ கொல்லவில்லை மகளே, மூன்று தடவை அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல் என்றார். தமிழில் செய்த பாவத்துக்குப் பிரெஞ்சில் வாங்கிய மன்னிப்பு செல்லுமோ செல்லாதோ என்று அன்றைக்கே சந்தேகம் வந்தது. இப்போது கீழே இரண்டாம் வாசகம் நடந்துகொண்டிருந்தது, வாசிக்கிற அம்மாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். இங்கே மணி பத்தேமுக்கால் தாண்டிவிட்டது, அங்கே இரண்டேகால். பூசை முடிந்ததும் இல்லத்தில் சாப்பாடு ஊட்ட வேண்டும், அது முடிய ஒன்றாகிவிடும், அப்போது அங்கே நாலரை. நல்ல வேளை, இந்தக் கல்லுக்குள் சிக்னல் எங்கே கிடைக்கப் போகிறது என்று நினைத்துப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். மடத்தின் வாசலில் நின்று ஆட்டினாலும் கிடைக்காத சிக்னல் இங்கே நான்கு கோடும் நிமிர்ந்து நின்றது. முதுகுப் பக்கம் கல் இல்லையே, வெறும் ஓடுதானே. அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அதற்குள் கீழே ஆர்கன் முழங்கி, பாட்டு தொடங்கிவிட்டது. எழுந்து கூடையைத் தூண் இடுக்கில் சாய்த்து அள்ளிப் போட்டாள். சிவப்பு இதழ்கள் சுழன்று சுழன்று போயின, சில நேராக, சில தயங்கி, ஒரு கிழவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி வாயைத் திறந்து நாக்கை நீட்டினார், ஒரு இதழ் அவர் மூக்கில் விழுந்தது. இரண்டு கையாலும் அள்ளினாள், தோளிலிருந்து வீசினாள், வள்ளத்தைத் தள்ளிய அதே தோள். கூடை காலியானபோது பாட்டு இன்னும் பாதி இருந்தது. இறங்கிப் போகலாம். இறங்காமல் தரையில் உட்கார்ந்து மேபலின் பெயரை அழுத்தினாள். யோசித்திருந்தால் அழுத்தியிருக்க மாட்டாள்.

"என்ன ஜெரோ, பூசை இல்லையா ஒனக்கு? என்ன சத்தம் அது?"

"பாட்டு. மைனி, நான் சொல்லுத வரைக்கும் நீ ஒண்ணும் பேசாத. அண்ணன் திங்கக்கெழம போகல. ஞாயித்துக்கெழம காலையிலேயே பெயிட்டான். ஆளத் தேடப் போகல, தூண்டில் போடப் போனான். நான்தான் வள்ளம் தள்ளிக் குடுத்தேன். தெக்க போனான். அந்த லிஸ்டுல நான் அவன் பேரை எழுதல. செவ்வாய்க்கெழம சாமி கேட்டப்போ பொய்யாத் தலையாட்டினேன். நீ அந்த பஸ்ஸுல வந்திருந்தாலும் அவன் இருந்திருக்க மாட்டான், மைனி. ஒரு நெய்மீன் புடிச்சு ஒன்னப் பாக்க வரணும்னுதான் போனான். ஒன் மேல அவனுக்குக் கோவமே இல்ல."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று ஜெரோலின் திரையைப் பார்த்தாள். வினாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"ஞாயித்துக்கெழமயா?" என்றாள் மேபல். "எத்தன மணிக்கு?"

"அஞ்சரை இருக்கும்."

"அன்னைக்கு சாயங்காலம் நான் போன் பண்ணுனேனே."

ஜெரோலின் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த சாயங்காலம் மழை பெய்தது. அப்பா ஈரத்துண்டோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் போன் அடித்தது.

"ஆமா, மைனி."

"அவரு எங்கன்னு கேட்டேன். கடைக்குப் பெயிருக்கான், வந்ததும் பேசச் சொல்லுதேன்னு சொன்ன. நல்லா ஞாபகம் இருக்கு. அப்போ காத்து அடிச்ச நேரம், எனக்கு நெஞ்சு கெடந்து அடிச்சுட்டு இருந்துச்சு. நீ கடைன்னு சொன்னதும்தான் சமாதானம் ஆச்சு. பொறவு அந்த மனுசன் பேசுவான் பேசுவான்னு விடியுத வரைக்கும் போனைக் கையில வச்சுட்டுக் கெடந்தேன். பேசல. இவ்வளவு திமிரான்னு நெனச்சேன். அதான் ஜெரோ, காலையில பஸ்ஸுல ஏறல."

அவள் கத்தியிருந்தால் ஜெரோலினுக்குத் தாங்கியிருக்கும். மேபல் சாதாரணமாக, ஒரு கணக்குத் தப்பாகிப் போனதைச் சரிபார்க்கிறவள் குரலில் பேசினாள். "அப்பா பக்கத்துல இருந்தாரு மைனி" என்று சொல்ல வாயெடுத்தாள். எட்டு வருஷத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய எதையும் அது நேராக்காது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டாள். பயம் போய்விட்டிருந்தது. வெறும் வெட்கம் மட்டும் இருந்தது, உடம்பு முழுக்க.

"மைனி, என்ன வேணும்னாலும் ஏசு."

"ஏசுததுக்கு நேரம் இல்ல. நாலு மணிக்கு அவிய வருவாவ." மேபல் மூக்கை உறிஞ்சினாள். பிறகு நாற்காலி நகரும் சத்தம், நடக்கிற சத்தம், ஒரு கதவு. "மாமா இங்கனதான் படுத்திருக்காவ. போனை அவியள்ட்ட குடுக்குதேன். என்ட்ட சொன்னத அப்படியே சொல்லு. என்னால அவியள்ட்ட சொல்ல முடியாது, நீ சொல்லு."

கீழே பாட்டு முடிந்தது. ஆர்கனின் கடைசி ஸ்வரம் வளைவுகளில் கொஞ்ச நேரம் தங்கியிருந்துவிட்டு அடங்கியது. சுவிசேஷத்துக்காக எல்லாரும் எழுந்து நின்றார்கள், இருநூறு பேர் எழுந்த பிறகு கோயிலில் ஒரு இருமல்கூட இல்லை.

"யாரு, ஜெரோவா?" என்றார் அப்பா. அந்த ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் நடுங்கியது, வயதாகிவிட்டது. "என்ன மக்கா இந்நேரத்துல? எனக்கு இப்பம் காது சரியாக் கேக்கது இல்ல. சத்தமாச் சொல்லு."

ஜெரோலின் எழுந்து நின்றாள். சத்தமாகவே சொன்னாள்.

"அப்பா, அண்ணன் ஞாயித்துக்கெழம கடலுக்குப் போனான்."